பழைய கார் எஞ்சினைத் தூர் வாருவது எப்படி?

பல வருஷம் கவனிப்பில்லாமல் கிடந்த பழைய கார் ஒன்றில், எஞ்சினின் மேல்மூடியான ராக்கர் கவரை முதல் முறையாகக் கழற்றுகிறவர், ஸ்பிரிங்கும் ராக்கர் ஆர்மும் வரிசையாகத் தெரியும் என்று எதிர்பார்த்துத்தான் கழற்றுவார். கவர் கையோடு வந்துவிடும். ஆனால் அதன் உள்வடிவத்தை அச்செடுத்தது போல ஒரு கருப்புக் கட்டி, எஞ்சினின் தலைப்பகுதியான ஹெட்டின் மேல் அப்படியே நிற்கும். விரலால் அழுத்தினால் பள்ளம் விழும், விழுந்த பள்ளம் மூடாது. இதுதான் எண்ணெய்க் கசடு. மெக்கானிக்குகள் ஸ்லட்ஜ் என்பார்கள்.

அதைப் பார்த்ததும் எதையாவது ஊற்றிக் கரைத்து, அடியில் ஆயிலை வடிக்கும் டிரெயின் பிளக் வழியாக ஒரே மூச்சில் வெளியே விட்டுவிடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். அதைச் செய்துவிடாதீர்கள் என்று சொல்லத்தான் முக்கியமாக இதை எழுதுகிறேன். ஏரியில் வண்டல் மேடிட்டுப் போனால் தண்ணீரைக் கலக்கிவிட்டு மதகைத் திறப்பதால் ஏரி ஆழமாகாது, மதகுதான் அடைத்துக்கொள்ளும். இறங்கித்தான் தூர் வார வேண்டும். எஞ்சினுக்கும் அதே கணக்குதான்.

கசடு எங்கிருந்து வருகிறது

ஒரு லிட்டர் பெட்ரோல் முழுதாக எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. முதல் தடவை கேட்கும்போது நம்பக் கடினமாக இருக்கும். பெட்ரோலில் உள்ள ஹைட்ரஜன் காற்றின் ஆக்சிஜனோடு சேர்வதால் வரும் தண்ணீர் அது. பெரும்பகுதி நீராவியாகி சைலன்சர் வழியே போய்விடும். கொஞ்சம் மட்டும் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே, கிராங்க் தண்டு சுழலும் அறையான கிராங்க் கேஸுக்குள் இறங்கும். அதோடு புகைக்கரி, எரியாத பெட்ரோல், அமிலத்தன்மை உள்ள வாயுக்கள் எல்லாமும் இறங்கும். புத்தம் புது எஞ்சினிலும் இது நடக்கும். தேய்ந்த ரிங் உள்ள பழைய எஞ்சினில் அதிகமாக நடக்கும்.

எஞ்சின் நன்றாகச் சூடாகி ஓடினால் கவலையில்லை. தண்ணீரும் பெட்ரோலும் ஆயிலில் தங்காமல் மறுபடி ஆவியாகி, ப்ரீதர் என்ற காற்றுக்குழாய் வழியே வெளியேறிவிடும். சூடேறுவதற்குள் நிறுத்திவிட்டால்தான் வம்பு. நீராவி குளிர்ந்த இரும்புச் சுவரில் வியர்த்து ஆயிலில் சொட்டும். சுழலும் கிராங்க் அந்த இரண்டையும் கடைந்துவிடும். கரித்தூளும் அமிலமும் அதில் ஒட்டிக்கொள்ள, நாளடைவில் இறுகிக் கட்டியாகும். தினமும் இரண்டு கிலோமீட்டர் மட்டும் போய்வரும் கார், நெடுஞ்சாலையில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடும் காரைவிட வேகமாகக் கசடு கட்டுவது இதனால்தான். காரை அருமையாக வைத்திருப்பதாக நினைத்து, வாரம் ஒரு முறை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிஷம் ஓடவிட்டு அணைப்பவர்கள் தெரியாமலே இந்தக் கெடுதலைச் செய்கிறார்கள்.

அளவுக்கு மீறிய சூடும் ஆகாது. ஆயிலின் வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் கூடும்போதெல்லாம் அது ஆக்சிஜனோடு சேர்ந்து கெடும் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். அப்படிக் கெட்ட ஆயில் முதலில் மஞ்சள் பழுப்பு நிறத்தில் வார்னிஷ் மாதிரி படியும், பிறகு கருகிப் பொருக்காகும்.

புதிய கார்களிலும் இதே பெட்ரோல்தான் எரிகிறது. அப்படியிருக்கப் பழைய காரில் மட்டும் ஏன் இத்தனை மோசம்? அன்றைய எஞ்சின் அமைப்பே கசடை எதிர்பார்த்துச் செய்யப்பட்டது. 1960-களுக்கு முன் பெரும்பாலான எஞ்சின்களில் கிராங்க் கேஸ் காற்றோட்டத்துக்கு இருந்ததெல்லாம் அடியில் தொங்கும் ஒரு வெற்றுக் குழாய். கார் வேகமாகப் போகும்போது வண்டிக்கடியில் ஓடும் காற்று குழாயின் வாயில் உறிஞ்சல் உண்டாக்கும், உள்ளே இருக்கும் ஆவி வெளியே வரும். கார் நின்றிருந்தாலோ ஊர்ந்தாலோ உறிஞ்சலே இருக்காது. எஞ்சினே தன் இன்டேக் வழியாக அந்த ஆவியை இழுத்து எரித்துவிடும் பிசிவி வால்வு 1960-களில்தான் பரவலாக வந்தது.

ஃபில்டர் கதையும் அப்படித்தான். பல பழைய எஞ்சின்களில் கம்பி வலை ஸ்ட்ரெய்னர் தவிர வேறு வடிகட்டியே கிடையாது. ஃபோக்ஸ்வேகன் பீட்டிலின் ஏர்கூல்டு எஞ்சின் அதற்கு நல்ல உதாரணம். அடியில் ஆறு நட்டு போட்ட ஒரு தட்டு, அதற்குள் வலை. ஒவ்வொரு ஆயில் மாற்றத்தின் போதும் அதைக் கழற்றிக் கழுவ வேண்டும் என்பதே முறை. வேறு சில கார்களில் ஃபில்டர் இருக்கும், ஆனால் பைபாஸ் வகையாக இருக்கும். பம்ப் தள்ளும் ஆயிலில் ஒரு சிறு பங்கு மட்டுமே அதன் வழியே போகும், மீதி வடிகட்டாமலே, சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங்குக்குப் போய்விடும்.

ஆயிலும் வேறு. அன்றைய ஆயிலில் டிடர்ஜென்ட் கிடையாது. அழுக்கு, எஞ்சினுக்குக் கீழே ஆயில் நிற்கும் தொட்டியான சம்ப்பின் அடியில் போய்ப் படிய வேண்டும், மேலே இருக்கும் தெளிந்த ஆயில் மட்டும் சுற்றிவர வேண்டும் என்பதே அப்போதைய யோசனை. 1930, 40-களில் வந்த சில அமெரிக்க எஞ்சின்களில் ஸ்ட்ரெய்னரையே ஒரு மிதவையில் பொருத்தியிருந்தார்கள். அடியில் கிடக்கும் சேற்றைத் தொடாமல் மேல்மட்டத்து ஆயிலை உறிஞ்சட்டும் என்றுதான் அந்த ஏற்பாடு. அழகான யோசனை என்றுதான் எனக்கு இன்றும் படுகிறது. ஆனால் படிந்ததை அவ்வப்போது யாராவது சம்ப்பை இறக்கி எடுக்க வேண்டுமே, அந்த வேலைதான் தலைமுறை தலைமுறையாக நடக்காமல் போனது.

1947-ல் அமெரிக்கப் பெட்ரோலியம் இன்ஸ்டிடியூட் ஆயிலை ரெகுலர், பிரீமியம், ஹெவி டூட்டி என்று மூன்றாகப் பிரித்தது. ஹெவி டூட்டி வகையில்தான் டிடர்ஜென்ட் இருந்தது. இன்று எஞ்சினுக்கென்று விற்கும் ஏறக்குறைய எல்லா ஆயிலிலும் அது இருக்கிறது. பெயர் டிடர்ஜென்ட் என்பதால் சோப்பு மாதிரி பழைய அழுக்கைச் சுரண்டி எடுத்துவிடும் என்று நினைக்க வேண்டாம். புதிதாக வரும் கரித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் ஆயிலில் மிதக்க வைப்பதும், சூடான இடங்களில் படியவிடாமல் தடுப்பதும்தான் அந்த ரசாயனங்களின் முதல் வேலை. பழைய கட்டியையும் கரைக்கும்தான், ஆனால் மெதுவாக. நல்ல ஆயில் போட்டு ஓட்டினால் சீக்கிரம் கருப்பாகிறதே என்று பலர் பயப்படுவார்கள். கருப்பாக வேண்டும். அழுக்கு எஞ்சினில் ஒட்டாமல் ஆயிலோடு இருக்கிறது, அடுத்த மாற்றத்தில் வெளியே போகும்.

கழற்றுவதற்கு முன் பாருங்கள்

டிப் ஸ்டிக்கை இழுத்து, அதன் நுனியிலிருந்து ஒரு சொட்டு ஆயிலை மை ஒற்றும் தாளிலோ காபி ஃபில்டர் பேப்பரிலோ விடுங்கள். எஞ்சின் சூடாக ஓடி நின்றவுடன் எடுத்த சொட்டாக இருக்கட்டும். ஒரு மணி நேரம் தாளைத் தட்டையாக வைத்துவிட்டு வந்து பாருங்கள். நடுவிலிருந்து ஓரம் வரை சாம்பல் நிறம் சீராகப் பரவி இருந்தால், ஆயிலுக்கு அழுக்கைத் தாங்கும் சக்தி இன்னும் இருக்கிறது. நடுவில் மை கொட்டியது போல ஒரு கருப்புப் பொட்டு, அதன் ஓரம் கத்தியால் வெட்டியது போல நின்று, வெளியே வெறும் எண்ணெய் வளையம் மட்டும் இருந்தால், ஆயில் அழுக்கைக் கைவிட்டுவிட்டது. உள்ளே படிவு நடந்துகொண்டிருக்கிறது. அந்தத் தாளில் தேதி எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் பால் கலந்த மாதிரி வெளிர் பழுப்புக் குழம்பு ஒட்டியிருந்தால் தண்ணீர் இருக்கிறது என்று அர்த்தம். குறைந்த தூரம் ஓடிய காரில் இது வெறும் வியர்வைத் தண்ணீராகவே இருக்கலாம். ஆனால் டிப் ஸ்டிக்கிலும் அதே நிறம் தெரிந்து, ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்துகொண்டே வந்தால், ஹெட்டுக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகியுங்கள். அதைச் சரிசெய்யாமல் கசடு எடுப்பது வீண் வேலை.

கசடு லேசாக, விரலில் எடுத்தால் மை போல இழுபடும் அளவில் இருந்தால் சம்ப்பை இறக்கவே தேவையில்லை என்பது என் கருத்து. நல்ல டிடர்ஜென்ட் ஆயில் போட்டு, நன்றாகச் சூடேறும்படி ஓட்டி, வழக்கத்தைவிடச் சீக்கிரமாக நாலைந்து தடவை மாற்றினால் போதும். கட்டியாக நின்றால், விரலில் நெருநெருவென்று உறுத்தினால், கையால் எடுப்பது தவிர வேறு வழி கிடையாது.

கசடைக் கரைக்கும் ஃபிளஷ் ஊற்றினால் என்ன ஆகும் என்பதை நான் சொந்தச் செலவில் கற்றுக்கொண்டேன். முதன்முதலில் கையில் எடுத்த பழைய எஞ்சினில், யாரோ சொன்னதைக் கேட்டு, ஆயிலோடு ஒரு கரைப்பானைச் சேர்த்துப் பதினைந்து நிமிஷம் ஐடிலில் ஓடவிட்டேன். பத்தாவது நிமிஷத்தில் ஆயில் பிரஷர் கேஜின் முள் மெல்லக் கீழே சாய ஆரம்பித்தது. உடனே அணைத்தேன். சம்ப்பை இறக்கிப் பார்த்தபோது ஸ்ட்ரெய்னரின் வலைக் கண் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. கருப்புக் கம்பளித் துணியை இழுத்துச் சுற்றிக் கட்டியது போல இருந்தது. கட்டியெல்லாம் கரைந்து திரவமாகிவிடவில்லை. பொடிப்பொடியாக உதிர்ந்து, பம்ப் உறிஞ்சும் வாயில் போய் அப்பிக்கொண்டது. மேல் ஹெட்டில் ஒரு பிடி கசடு அப்படியே இருந்தது.

கிராங்க் பேரிங்கில் ஆயில் நிற்கும் இடைவெளி எவ்வளவு தெரியுமா? இரண்டு அங்குல விட்டமுள்ள ஜர்னலுக்கு (பேரிங்குக்குள் சுழலும் தண்டுப் பகுதி) ஏறக்குறைய 0.05 மில்லிமீட்டர். ஒரு தலைமுடியின் கனத்துக்குக் கொஞ்சம் குறைவு. அந்த இடைவெளியில் ஆயில் படலம் இருக்கும் வரை உலோகம் உலோகத்தைத் தொடாது. ஸ்ட்ரெய்னர் அடைத்துப் படலம் அறுந்தால், சில நிமிஷங்களிலேயே பேரிங் உருகி ஒட்டிக்கொள்ளும். எனக்கு முள் சாய்வது கண்ணில் பட்டது. கேஜ் இல்லாமல் சிவப்பு விளக்கு மட்டும் இருந்திருந்தால் தப்பியிருக்க மாட்டேன்.

வாரும் வேலை

கையுறை முதலில். நைட்ரைல் கையுறையாக இருக்கட்டும். ஓடிப் பழசான ஆயில் தோலில் நாள்பட ஊறுவது தோல் புற்றுநோய்க்கு வழி செய்யும். பழைய எஞ்சினில் இன்னொரு விஷயமும் உண்டு. 1923 முதல் பெட்ரோலில் ஈயம் கலந்து விற்றார்கள், உலகில் கடைசியாக 2021-ல்தான் கார்களுக்கு அந்த விற்பனை நின்றது. ஈயப் பெட்ரோல் காலத்தில் ஓடிய எஞ்சினின் கசடில் அந்த ஈயம் உட்கார்ந்திருக்கிறது. அதனால் காய்ந்த பொருக்கைத் தூள் பறக்கச் சுரண்டாதீர்கள், ஈரமாக்கி எடுங்கள். எடுத்ததை எரிக்கவும் வேண்டாம், மண்ணில் கொட்டவும் வேண்டாம். டப்பாவில் அடைத்து, கழிவு ஆயில் சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.

கரைப்பானாக மண்ணெண்ணெய் அல்லது டீசல் போதும். பெட்ரோல் வேண்டவே வேண்டாம். பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரிக் குளிரிலும் தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவி விடும் பொருள் அது, மூடிய ஷெட்டில் ஒரு சுவிட்சின் பொறி போதும். காஸ்டிக் சோடா இரும்புச் சாமான்களை நன்றாகச் சுத்தம் செய்யும், ஆனால் அலுமினியத்தைத் தின்றுவிடும். எந்த உலோகம் என்று நிச்சயமாகத் தெரியாத பாகத்தில் அதைத் தொடாதீர்கள்.

எஞ்சினை மிதமான சூட்டில் வைத்து ஆயிலை வடித்துவிட்டு, டிரெயின் பிளக்கைப் போடாமல் அடியில் தட்டு வைத்து ஓர் இரவு விடுங்கள். மறுநாள் மேலே இருந்து தொடங்குங்கள். சம்ப் அதன் இடத்திலேயே இருக்கட்டும், மேலே இருந்து தவறி விழுவதெல்லாம் அதற்குள் விழும், கடைசியில் அதோடு சேர்த்து எடுத்துவிடலாம்.

ராக்கர் கவரைக் கழற்றியதும் ஹெட்டில் ஆயில் கீழே இறங்கும் ஓட்டைகளைத் தேடுங்கள். கட்டிக்குள் மறைந்திருக்கும். அவற்றைக் கண்டுபிடித்து, ஒவ்வொன்றையும் ஒரு துணி உருண்டையால் அடையுங்கள். எத்தனை உருண்டை என்று ஒரு காகிதத்தில் எழுதி கண்ணில் படும் இடத்தில் ஒட்டிவையுங்கள். ஐந்து போட்டால் ஐந்தும் திரும்பி வர வேண்டும். உள்ளே விழுந்த ஒரு துணி, மொத்தக் கசடும் செய்யாத கெடுதலைச் செய்துவிடும். பனியன் வேஸ்ட் துணி எல்லா ஒர்க்‌ஷாப்பிலும் கிடக்கும், ஆனால் நூல் உதிரும் துணியை எஞ்சினுக்குள் கொண்டுபோகாதீர்கள். நூல் நேராக ஸ்ட்ரெய்னருக்குத்தான் போகும்.

இப்போது மரக்குச்சியாலோ பிளாஸ்டிக் ஸ்கிரேப்பராலோ கட்டியை வழித்து டப்பாவில் போடுங்கள். இந்தக் கட்டத்தில் மண்ணெண்ணெய் வேண்டாம். பத்தில் ஒன்பது பங்கு கரைப்பான் படாமலே கட்டிகட்டியாக வந்துவிடும், அப்படி வருவதுதான் நமக்கு நல்லது. மிச்சத்துக்கும் காய்ந்த பொருக்குக்கும் மட்டும் பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் நனைத்துத் தேய்த்து, துணியால் துடையுங்கள். பிரஷ் நைலானாக இருக்கட்டும், கம்பி பிரஷ்ஷின் முள் உதிரும். பாத்திரம் தேய்க்கும் நார் மாதிரி இருக்கும் உரசல் பட்டைகளும் கூடாது. அவற்றில் இருக்கும் அலுமினியம் ஆக்சைடு பொடி பேரிங்கை அரம் போல அறுத்துவிடும். புது எஞ்சின்களே இதனால் கெட்டிருக்கின்றன, ஜெனரல் மோட்டார்ஸ் தன் ஒர்க்‌ஷாப்புகளுக்கு இதைப் பற்றி எச்சரிக்கையே அனுப்பியது.

துணி உருண்டைகளை எடுத்த பிறகு அந்த ஓட்டைகளில் மெல்லிய பாட்டில் பிரஷ்ஷை விட்டுத் தேய்த்து, கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றிப் பாருங்கள். தேங்காமல் இறங்க வேண்டும். பல பழைய கார்கள் நீலப் புகை விடுவதற்குக் காரணம் ரிங் போனது என்று சொல்லிவிடுவார்கள். இந்த ஓட்டைகள் அடைத்து, ஆயில் மேலேயே குளம் கட்டி, வால்வு ஏறி இறங்கும் துளையான வால்வு கைடு வழியே எரியும் இடத்துக்குள் இறங்குவதாகவும் இருக்கலாம். எஞ்சினைப் பிரிக்கும் முன் இதைப் பார்த்துவிடுவது நல்லது.

பக்கவாட்டில், வால்வுகளைத் தள்ளும் டேப்பட்டுகளை மூடும் டேப்பட் கவர் இருந்தால் அங்கேயும் இதே வேலை. பிறகு சம்ப். காரை ஜாக்கியில் மட்டும் நிறுத்தி அடியில் போகாதீர்கள், கட்டாயம் ஸ்டாண்ட் போடுங்கள். சில கார்களில் கிராஸ் மெம்பர் குறுக்கே நிற்கும், எஞ்சினைக் கொஞ்சம் தூக்கினால்தான் சம்ப் வெளியே வரும்.

சம்ப் கையில் வந்ததும் உடனே கழுவிவிடாதீர்கள். அடியில் இருக்கும் வண்டல்தான் அந்த எஞ்சினின் வரலாறு. ஒரு கரண்டி எடுத்து வெள்ளைத் தட்டில் பரப்பி, மண்ணெண்ணெய் விட்டு அலசுங்கள். காந்தத்தைக் காட்டுங்கள். ஒட்டும் பொடி இரும்பு, அது கேம், டேப்பட், ரிங், சிலிண்டர் தேய்மானம். நேர்த்தியான பொடியாக இருந்தால் வயசுக்கேற்ற தேய்மானம், செதில்செதிலாக இருந்தால் பிரச்சினை. காந்தத்தில் ஒட்டாத வெள்ளி நிறச் செதில்கள் பேரிங்கிலிருந்து வந்திருக்கலாம். அப்படித் தெரிந்தால் ஒரு பேரிங் கேப்பையாவது திறந்து பார்க்காமல் மூடக் கூடாது.

ஸ்ட்ரெய்னரைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். ஒவ்வொரு கண்ணும் தெரிய வேண்டும். ப்ரீதர் குழாய், ஆயில் மூடிக்குள் இருக்கும் கம்பி வலை இரண்டையும் இதே தட்டில் போட்டுவிடுங்கள். இவை அடைத்திருந்தால் ஆவி வெளியேற வழியில்லை, நீங்கள் எடுத்த கசடு முழுக்கத் திரும்ப வரும். பிளாக்குக்குள் ஓடும் ஆயில் கேலரிகள் என்ற துளைவழிகளைப் பற்றிக் கேட்பார்கள். ஆயில் பிரஷர் நன்றாக இருக்கும் எஞ்சினில் அவற்றைத் தொடாதீர்கள். ஓவர்ஹாலுக்குக் கிராங்க் வெளியே வந்திருந்தால் மட்டும் பிளக்குகளைக் கழற்றி, நீள பிரஷ் விட்டுச் சுத்தம் செய்யுங்கள். அப்போது கிராங்க்கின் உள்துளைகளையும் விட்டுவிடக் கூடாது. சுழலும் வேகத்தில் கனமான அழுக்கு அங்கே போய் இறுகியிருக்கும்.

மூடி, ஓடவிடுதல்

கார்க் கேஸ்கெட்டில் சம்ப் போல்ட்டுகளை நடுவிலிருந்து ஓரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள், அளவு மீறினால் கார்க் பிதுங்கிக் கிழியும். சிலிக்கான் பேஸ்ட்டை அள்ளிப் பூசினால் உள்பக்கம் பிதுங்கும் பகுதி அறுந்து, இப்போதுதான் சுத்தம் செய்த ஸ்ட்ரெய்னரில் போய் உட்காரும். ஆயில் பம்ப்பைத் திறந்திருந்தால் கியர்களுக்கிடையே பெட்ரோலியம் ஜெல்லி அடைத்து மூடுங்கள், இல்லையென்றால் பம்ப் வெறும் காற்றை இழுத்துக்கொண்டு சுற்றும்.

புத்தகத்தில் சொன்ன கனத்தில் டிடர்ஜென்ட் ஆயில் ஊற்றுங்கள். சுத்தமான எஞ்சினுக்கு டிடர்ஜென்ட் இல்லாத ஆயில் போட வேண்டிய காரணம் எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை. கவனிக்க வேண்டியது துத்தநாகமும் பாஸ்பரஸும் சேர்ந்த தேய்மானத் தடுப்பு. பழைய எஞ்சினின் தட்டை டேப்பட்டுகளுக்கு அது தேவை. புதிய கார்களுக்கான மெல்லிய ஆயில்களில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் காப்பாற்றுவதற்காகப் பாஸ்பரஸை 0.08 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்தியிருக்கிறார்கள். 20டபிள்யூ-50 போன்ற கனமான ஆயில்களுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, காயில் ஒயரை எடுத்துவிட்டு, பத்துப் பத்து வினாடியாக ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். கேஜ் முள் எழுந்த பிறகுதான் பிளக்கைப் போட்டு ஸ்டார்ட் செய்ய வேண்டும். முதல் சில நாட்களில் புதிதாக எங்காவது ஆயில் கசியலாம். கசடு எடுத்ததால் சீல் கெட்டுவிட்டது என்பார்கள். சீல் எப்போதோ இறுகிப் போய்விட்டது, அழுக்கு அதன்மேல் பூசி மறைத்திருந்தது. சீலை மாற்றினால் சரியாகிவிடும்.

தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். எஞ்சின் சூடாகிறது என்று யாராவது அதைக் கழற்றி எறிந்திருந்தால், அந்த எஞ்சின் சரியான சூட்டுக்கே வராது, கசடு மறுபடி கட்டும். சோக் முழுதாகத் திறக்கிறதா என்றும் பாருங்கள். ஓட்டும்போது தண்ணீர் சூடான பிறகும் ஆயில் சூடாக நேரம் பிடிக்கும், அதனால் காரை எடுத்தால் அரை மணி நேரமாவது ஓட்டுங்கள்.

முதல் ஆயிலை 300 முதல் 500 கிலோமீட்டருக்குள் மாற்றிவிடுங்கள், ஃபில்டர் இருந்தால் அதையும். வடிப்பதற்கு முன் அதே மாதிரி தாளில் ஒரு சொட்டு விட்டு, தேதி எழுதி, பழைய பொட்டின் பக்கத்தில் வையுங்கள். முதல் தடவை நடுப்பகுதி இன்னும் கருப்பாகத்தான் இருக்கும், மூலை முடுக்கில் விட்டுப்போனது கரைந்து வருகிறது. அடுத்ததை 1,000 கிலோமீட்டரில் எடுங்கள். அந்தக் கருப்பின் ஓரம் மங்கி, வெளிவளையம் வரை சாம்பல் நிறம் பரவியிருந்தால் வழக்கமான இடைவெளிக்குப் போய்விடலாம். ஓரம் இன்னும் வெட்டியது போல நின்றால், மறுபடி 1,000.